வலப்பக்கம் மேலே

கத்தரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கினு அதைப் பார்த்தாள்.

விடுதிச் சுவரில் அவள் வீட்டு மீன் தொங்கிக்கொண்டிருந்தது.

மர மீன். கணப்புக்கு மேலே கெட்டில் மாட்டும் கொக்கியை ஏற்றி இறக்க, ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிற மீன்தான். ஆனால் எல்லா மீனுக்கும் வால் உண்டு. அவள் வீட்டு மீனுக்குக் கிடையாது. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவள் புருஷன் நவோஜி சாக்கே குடித்த மயக்கத்தில் எழுந்து, அதில் மண்டையை இடித்துக்கொண்டு, வந்த கோபத்தில் கோடாலிக் காம்பால் ஒரு போடு போட்டான். வால் பறந்து நெருப்பில் விழுந்தது. சாய்வாக முறிந்த அந்த விளிம்பு அன்றிலிருந்து அப்படியேதான் இருக்கிறது.

சுவரில் இருந்தது படம். மரத்தில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்த படம். கறுப்பும் கொஞ்சம் மண் நிறமும். அதே முறிவு. அதே சாய்வு.

பக்கத்தில் இன்னொரு படம். முறம். ஓரத்தில் செர்ரி மரப்பட்டை வைத்துத் தைத்த ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டவள் கினு.

அடுத்தது வைக்கோலில் பின்னிய பனிச் செருப்பு. ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. மாமனாரின் வலது கால் வீங்கினதிலிருந்து அவருக்கு அப்படித்தான் பின்ன வேண்டும்.

யார் இதையெல்லாம் செதுக்கின ஆள்? எப்போது வந்தான் நம் வீட்டுக்குள்?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள் ஒதானே. விடுதியின் சமையல்காரி. அவள் வாய்க்குப் பயந்து முதலாளியே பின்வாசல் வழியாகப் போவார். "கத்தரிக்காய் முத்தலா இருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் என்னை ஏமாத்தலாம்னு பாக்காதே."

"இந்தப் படமெல்லாம் எப்ப வந்துச்சுக்கா?"

"அதைக் கேக்கறியா! எங்க முதலாளிக்குப் புத்தி கெட்டுப்போச்சு. மத்த ஊர் விடுதியில போய்ப் பாரு, மலை இருக்கும், அலை இருக்கும், அழகான பொம்பளை இருப்பா. இங்க என்னடான்னா முறமும் செருப்பும். நாளைக்கு என் துடைப்பத்தையும் மாட்டுவாரு. பட்டணத்து ஆளுங்க வந்து இதைப் பாத்து 'ஆஹா'ன்னு வாயைப் பொளக்கறானுங்க. அவனுங்க செருப்பையே பாத்ததில்ல போலிருக்கு."

"யாரு செஞ்சது?"

"மேல, மர அறுவைப் பட்டறைக்குப் பின்னாடி குடிசையில ஒரு ஆள் இருக்கான். ஹட்டான்னு பேரு. சைபீரியாவுல இருந்து போன இலையுதிர் காலத்துல திரும்பினவன். இங்க வந்து வெந்நீர்ல குளிச்சுட்டு, காசுக்குப் பதிலா படம் குடுக்கறான். பேசவே மாட்டான். கை வேற..." ஒதானே தன் இடது கையின் கடைசி இரண்டு விரல்களை மடக்கிக் காட்டினாள். "பனி தின்னுடுச்சு."

சைபீரியா.

போரில் பிடிபட்டு நவோஜியும் அங்கேதான் கைதியாக இருந்தான். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. போர் முடிந்து இது நாலாவது அறுவடை. கப்பல்கள் வந்தன. பெயர்களை ரேடியோவில் வாசித்தார்கள். அந்தப் பெயர் வரவில்லை. செத்தவர்களின் பட்டியலிலும் வரவில்லை.

கினு கடைசிப் படத்துக்கு நகர்ந்தாள்.

வயல் பொம்மை. குருவி விரட்ட நெல்வயலில் நட்டு வைக்கிற பொம்மை. குறுக்குக் கழியில் நவோஜியின் பழைய மேலங்கி. தோளில் ஒட்டு. அந்தத் துணி அவள் கல்யாண இடைக்கச்சையிலிருந்து வெட்டியது. படத்தில் அந்த ஒட்டை மட்டும் சிவப்பில் ஒற்றியிருந்தார்கள். இடுப்பில் வைக்கோல் கயிறு. கயிற்றில் செருகிய அரிவாள்.

எல்லாம் சரி. ஒன்றைத் தவிர.

மேலங்கியின் வலப்பக்கம் மேலே இருந்தது.

உயிரோடு இருக்கிறவர்களுக்கு இடப்பக்கத் துணிதான் மேலே வரும். நடக்கத் தெரியாத குழந்தைக்கும் அப்படித்தான், பொம்மைக்கும் அப்படித்தான். வலப்பக்கத்தை மேலே போட்டு மூடுவது ஒருவருக்கு மட்டும்.

பிணத்துக்கு.

கினுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடையில் ஒரு கத்தரிக்காயின் காம்பில் மண் ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் சுரண்டி எடுத்தாள். பிறகு அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் மண் இருந்தது.

---

சாயங்காலம் கணப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைக்கு மேலே வாலில்லாத மீன்.

அத்தை இத்தோ, நவோஜியின் அம்மா, முதலில் மகனின் தட்டை வைத்தாள். தூரம் போனவனுக்கு வீட்டில் தினமும் வைக்கிற சாப்பாடு. சோறு, மிசோ சூப், முள்ளங்கி ஊறுகாய். சூப் கிண்ணத்தை மூடி, கொஞ்சம் பொறுத்து, மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்ப்பாள். நீர்த்துளி கோத்திருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான்.

சுடச்சுட ஊற்றின சூப்பில் துளி கோக்காமல் என்ன செய்யும்? அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"பாரு, முத்து முத்தா!" மூடியை எல்லோருக்கும் காட்டினாள் இத்தோ. "இன்னிக்கு நல்லா சாப்ட்டிருக்கான்."

மாமனார் தென்கிச்சி மூடியைப் பார்க்கவில்லை. "அறுவடை முடியட்டும்," என்றார். "அதுக்கு மேல இழுக்க முடியாது. ஊர்த்தலைவர்கிட்டயும் பேசிட்டேன். செய்கோவும் வீட்டுப் பிள்ளைதானே. மூத்தவன் இடத்துல இளையவன் கினுவைக் கட்டிக்கட்டும். ஊர்ல யாரு வீட்டுல நடக்கல?"

செய்கோ, நவோஜியின் தம்பி, சூப்பை உறிஞ்சினான். அவன் பார்வை கிண்ணத்துக்குள்ளேயே இருந்தது. ஸ்டேஷன் ஊரில், பஸ் டிப்போவில் டிக்கெட் கிழிக்கிற ரிட்சு என்ற பெண்ணுக்காக அவன் வாரத்துக்கு ஒரு முறை எதையாவது ரிப்பேருக்கு எடுத்துக்கொண்டு போவான். கெட்டுப்போகாத பம்ப்பைக்கூட ஒரு தடவை கொண்டுபோனான். வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள்.

கினுவுக்கு செய்கோ மேல் வெறுப்பு கிடையாது. விருப்பமும் கிடையாது. காம்பு உடைந்தால் மண்வெட்டிக்கு வேறு காம்பு போடுகிறார்கள். மண்வெட்டியிடம் யாரும் கேட்பதில்லை.

"நம்ம மீன் விடுதியில படமா மாட்டியிருக்கு," என்றாள் அவள்.

எல்லோரும் நிமிர்ந்து மீனைப் பார்த்தார்கள்.

அவள் சொன்னாள். முறம், செருப்பு, பொம்மை. செதுக்கினவன் சைபீரியாவிலிருந்து வந்தவன் என்பது. கடைசியாக, மேலங்கியின் மடிப்பு. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள்.

தென்கிச்சி சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "அப்ப முடிஞ்சது."

"என்ன முடிஞ்சது? என்ன முடிஞ்சதுங்கறேன்!" இத்தோவின் குரல் கூரைக்குப் போனது. "எவனோ எதையோ கிறுக்கி வெச்சா எம்புள்ள செத்துடுவானா? இப்பதானே துளி பாத்தீங்க? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நம்ம வீட்டுச் சாமானெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? நவோஜி சொல்லாம தெரியுமா? கூட இருந்தவன் பொணத்து மடிப்பு போடறான்னா, அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

"அப்பா, ஒரு நிமிஷம்." செய்கோ முதல் முறையாக வாயைத் திறந்தான். "அச்சுன்னா இடம் வலமா மாறி விழும். நேரா செதுக்கினா மாறித்தான் விழும். பள்ளிக்கூடத்துல நான் முயல் வருஷத்துக்குப் புத்தாண்டு அட்டை அடிச்சேனே, ஞாபகமில்ல? எழுத்து மொத்தமும் மாறி விழுந்து, வாத்தியார் கண்ணாடியில வெச்சுப் படிச்சாரு."

"ஊரே சிரிச்சுது," என்றாள் இத்தோ பெருமையாக.

"அந்த ஆளும் அதையே பண்ணியிருப்பான். கத்துக்குட்டியா இருக்கும். கை தப்பு. வேற ஒண்ணுமில்ல."

"அதானே!" இத்தோ அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கை தப்பு!"

தென்கிச்சி இளைய மகனை நெடுநேரம் பார்த்தார். பையன் எதற்காக இவ்வளவு பாடுபடுகிறான் என்று அவருக்குத் தெரியாதா?

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றார். "அந்த ஆளை நேருக்கு நேரா கேளுங்க. கை தப்பா, இல்ல சேதியா? கை தப்புன்னா நவோஜி கப்பல் வர்ற வரைக்கும் நான் வாயத் திறக்கல. சேதின்னா, செத்தவன்னு புத்தர் மாடத்துல அவன் பேரை எழுதி வெச்சுட்டு, அறுவடைக்கு அடுத்த நல்ல நாள்ல கல்யாணம். அவ்வளவுதான்."

கினு காலிக் கிண்ணங்களை அடுக்கினாள். நவோஜியின் தட்டிலிருந்த சோற்றை வழக்கம்போலத் தன் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு சாப்பிட்டாள். வீணாக்கக் கூடாது. ஆறிப்போயிருந்தது. அவளுக்குச் சூடான சோறு எப்படியிருக்கும் என்பதே மறந்துவிட்டது.

---

மறுநாள் காலையில் விடுதி நடைகூடத்தில் இருவரும் படங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

"மீனைப் பாருங்க அண்ணி," என்றான் செய்கோ. "எந்தப் பக்கம் பாக்குது?"

"நாம எங்க உக்காந்திருக்கோமோ, அதைப் பொறுத்தது."

"செருப்பு?"

"ரெண்டையும் இடம் மாத்தி வெச்சா தீந்துது."

"அதான் நான் சொல்றேன். ஒண்ணையும் வெச்சு சொல்ல முடியாது. மாறி விழுந்த அச்சுதான்." அவன் அவசரமாகத் தலையாட்டிக்கொண்டான். "நான் சமையற்கட்டுல போய்த் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்."

அவன் போனதும் கினு பொம்மைப் படத்துக்கு நெருங்கி நின்றாள்.

அவள் பார்த்தது மேலங்கியை அல்ல. இடுப்புக் கயிற்றை.

பனி கொட்டுகிற மாதங்களில் அவள் செய்ததெல்லாம் கயிறு திரிப்பதுதான். வைக்கோலை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, வலது கையை முன்னால் தள்ளித் தள்ளி உருட்டுவாள். மூட்டை கட்டவும் மாடு கட்டவும் இடுப்பில் கட்டவும் அந்த முறுக்குதான். அதற்கு எதிர் முறுக்குச் சாமிக்கு மட்டும். கோயில் வாசலில் கட்டுகிற கயிறு அப்படி. அதை யாரும் இடுப்பில் கட்டமாட்டார்கள். பொம்மையின் இடுப்பில்கூட.

அச்சு மாறி விழுந்திருந்தால் கயிறும் மாறியிருக்கும். சாமிக்கயிறாகத் தெரியும்.

ஹட்டா கயிற்றை ஒவ்வொரு இழையாகச் செதுக்கியிருந்தான். இழைகள் சாய்ந்த பக்கத்தை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். தாளின் முதுகில் அழுத்தித் தேய்த்த தடம் விரலில் லேசாகத் தட்டியது.

சாதாரணக் கயிறு. வீட்டுக் கயிறு. அவள் கை முறுக்கு.

படம் மாறவில்லை. மேலங்கியை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். தெரிந்தே.

"போலாமா அண்ணி?" பின்னால் செய்கோ.

"போலாம்," என்றாள்.

---

குடிசைக்கு முன்னால் மரத்தூள் குவியல் இருந்தது. செய்கோ அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தான். "நீங்க போய்க் கேளுங்க. நான் இங்கயே இருக்கேன்."

"மாமா ரெண்டு பேரையும் கேக்கச் சொன்னாரு."

"நான் இருந்தா அந்த ஆள் பேசமாட்டான். எனக்குத் தோணுது." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

உள்ளே ஒரு மனிதன் பலகைமேல் கவிழ்ந்திருந்தான். முப்பது வயதிருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். மூன்று விரல் மிச்சமிருந்த இடது கையால் பலகையை அமுக்கிப் பிடித்து, வலது கை உளியை இழுத்துக்கொண்டிருந்தது. பலகையில் பாதி முளைத்திருந்தது ஒரு துடைப்பம். ஒதானே சாபம் பலித்துவிட்டது.

அவன் நிமிர்ந்தான். உளி நின்றது.

"நீங்க கினுவா?"

"ஆமா."

"கயித்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

ஹட்டா உளியை வைத்துவிட்டு மடியிலிருந்த மரச்சீவலைத் தட்டினான். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்க. டீ இல்ல. வெந்நீர் இருக்கு."

அவள் உட்கார்ந்தாள். வெந்நீர் வந்தது. குடித்தாள்.

"அங்க எல்லாரும் சோத்தைப் பத்திதான் பேசுவோம்," என்றான் அவன். "அரிசிச் சோறு, ஈல் மீன், மொச்சிப் பலகாரம். பேசிப் பேசியே வயித்தை எரிய வெச்சுப்போம். நவோஜி மட்டும் சாமானைப் பத்திப் பேசுவான். எங்க வீட்டு மீனுக்கு வாலில்ல தெரியுமா. எங்கப்பா செருப்புல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. 'வாயை மூடுடா முறத்துக்குப் பொறந்தவனே'ன்னு திட்டுவானுங்க. நான் கேப்பேன். ஏன்னா சோத்தை நெனச்சா பசிக்கும். முறத்தை நெனச்சா பசிக்காது."

"எப்ப?"

"ரெண்டாவது குளிர் முடியற சமயம். பனி உருகிட்டிருந்துச்சு. அடிபடல, யாரும் அடிக்கல. இருமல். அவ்வளவுதான்."

"வலிச்சுதா?"

"தெரியல. கடைசியில அவனுக்கு எதுவும் தெரியல. எங்களுக்கும்."

வெளியே ரம்பம் ஒரு கட்டையை அறுத்து முடித்து, அடுத்த கட்டையில் ஏறியது.

"ஏன் வந்து சொல்லல?"

"வந்தேன். உங்க ஊர் மதகு வரைக்கும் வந்தேன். பொம்மை நின்னுட்டிருந்துச்சு. அப்படியே திரும்பிட்டேன்." அவன் குரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. "அவன் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தான். வீட்டுல சொன்னா அப்பா உடனே அவளைத் தம்பிக்குக் கட்டி வெச்சுடுவாரு. தம்பிக்கும் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது. ரெண்டும் வாயில்லாத ஜென்மம், சரின்னு தலையாட்டும். அதனால அவளுக்கு மட்டும் தெரியணும். தெரிஞ்ச பிறகு சொல்லணுமா வேணாமான்னு அவ முடிவு பண்ணட்டும். அப்படின்னான்."

கினு வெந்நீர்க் கோப்பையைக் கையில் சுற்றினாள்.

"பூர்ச்ச மரப்பட்டையில கரித்துண்டால என்னை வரைய வெச்சான். நான் ஊர்ல புத்தாண்டு அட்டைக்கு பிளாக் செதுக்கிட்டிருந்தவன். அது அவனுக்குத் தெரியும். மேலங்கியை வலப்பக்கம் மேல போடுடான்னான். போட்டேன். அப்புறம் பாத்துட்டு, 'டேய், கயித்தை ஒழுங்கா போடு. முறுக்கு மாறிச்சுன்னா உன் கை தப்புன்னு நெனச்சுப்பா. அவ கயித்தைத்தான் பாப்பா'ன்னான். அந்தக் கயித்தை மட்டும் பலகையில திரும்பத் திரும்பச் செதுக்கினேன். விடுதிக்குக் காய்கறி நீங்கதான் கொண்டு வருவீங்கன்னும் அவன்தான் சொன்னது."

தன் சாவின் சேதியைத் தானே வரைய வைத்து, பிழை திருத்தி அனுப்பியிருக்கிறான். மீன் வாலை உடைத்த அதே மடையன்.

அழுகை வருமா என்று கினு காத்திருந்தாள். வரவில்லை. கதவுக்கு வெளியே நிற்கிற ஆளை, உள்ளே வருவதாக இருந்தால் வரட்டும் என்று பார்ப்பதுபோல இருந்தது.

"அவருக்கு யாரு உடுத்தி விட்டது?" என்று கேட்டாள்.

ஹட்டா உளியைக் கையில் எடுத்தான்.

"வலப்பக்கம் மேலே போட்டு யாரு கட்டி விட்டது? நீங்களா?"

"கினு..." அவன் துடைப்பப் பலகையைப் பார்த்தான். "அங்க செத்தவனுக்கு உடுப்பு கிடையாது. இருக்கறவனுக்கு வேணுமே. அவன் கோட்டு எனக்கு வந்துச்சு. அதைப் போட்டுட்டுதான் கப்பல் ஏறினேன்."

"வெறும் உடம்பா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். சரி, தெரிந்துகொண்டேன் என்பதுபோல. கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"படம் ஒண்ணு எடுத்துக்கோங்க," என்றான் ஹட்டா.

"வேணாம். எல்லாம் வீட்டுல இருக்கு."

---

மதகு வரைக்கும் இருவரும் நடந்தார்கள். இரண்டு பக்கமும் நெல் முற்றிக் கிடந்தது. தும்பிகள் பறந்தன.

அங்கே செய்கோ நின்றான். "என்ன சொன்னாரு?"

கினு தூரத்தில் தெரிந்த பொம்மையைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. 'சேதி' என்றால் புத்தர் மாடத்தில் பேர், சாம்பிராணி, ஊர்க்கூட்டம், வாய்விட்டு அழ ஒரு நாள். கூடவே அறுவடைக்குப் பிறகு இந்தப் பையனோடு ஒரே படுக்கை. 'கை தப்பு' என்றால் ஒன்றும் கிடையாது. அழவும் முடியாது. தினமும் சாயங்காலம் மூடியில் துளி பார்க்க வேண்டும்.

"கை தப்பிடுச்சாம்," என்றாள்.

செய்கோ மூச்சை விட்டான். கால் விரலால் ஒரு கல்லை வாய்க்காலில் தள்ளினான். அது விழுந்த சத்தம் அடங்கும்வரை நின்றான்.

"அண்ணி."

"ம்."

"நானும் கயிறு திரிச்சவன்தான்."

கினு திரும்பிப் பார்த்தாள். அவன் கண் சிவந்திருந்தது. சமையற்கட்டில் தண்ணீர் குடிக்கப் போனவன் முகம் கழுவியிருக்கிறான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"எப்ப பாத்தே?"

"நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே."

இருவரும் நின்றார்கள். அவனுக்கு அண்ணன். அவளுக்குப் புருஷன். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பேராலும் சொல்ல முடியாது.

"வீட்டுல நானே சொல்லிடறேன்," என்றான் செய்கோ. "நீங்க வாயத் திறக்க வேணாம். நான்தான் பொய் சொல்லிப் பழகினவன். பம்ப்பு ரிப்பேர்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் அவன் நன்றாகவே சொன்னான். ஹட்டா எப்படி வெட்கப்பட்டுத் தலையைச் சொறிந்தான் என்பதைக்கூட நடித்துக் காட்டினான். முகாம் மாறும்போது பிரித்துவிட்டார்கள், அதற்கப்புறம் நவோஜியைத் தெரியாது என்று ஹட்டா சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டான். இத்தோ கைகொட்டிச் சிரித்தாள். "கத்துக்குட்டி! நான் அப்பவே சொல்லல?"

தென்கிச்சி மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய செருப்புக்காரக் காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "சரி, கப்பல் வரட்டும்," என்றார். சொன்ன வாக்கை மீறுகிற ஆள் இல்லை அவர்.

---

மறுநாள் விடிந்ததும் கினு வயலுக்குப் போனாள். பொம்மை லேசாகச் சாய்ந்திருந்தது. கழியை நிமிர்த்தி மண்ணை மிதித்து இறுக்கினாள்.

பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள்.

மேலங்கி விரிந்தது. உள்ளே வைக்கோல் மட்டும். அவள் கசங்கலை நீவினாள். தோள் ஒட்டில் ஒரு நூல் பிரிந்திருந்தது. பல்லால் கடித்து எடுத்தாள். காலரை ஒழுங்கு செய்தாள். இடப்பக்கத்தை முதலில் உள்ளே மடித்தாள். அதன் மேல் வலப்பக்கம். மெதுவாக, சுருக்கம் விழாமல், பெரியவர்கள் செய்து அவள் பார்த்திருந்த மாதிரி. கயிற்றைக் கட்டினாள்.

ஒரு முழு வேலையை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, களை பிடுங்கப் போய்விட்டாள்.

காலை முழுக்க அது அப்படியே நின்றது. ஊர் ஆட்கள் வரப்பில் போனார்கள். "நெல்லு நல்லா பிடிச்சிருக்கு கினு" என்றார்கள். பொம்மையின் மடிப்பை யார் பார்க்கிறார்கள்? குருவிகள்கூட வழக்கம்போலத்தான் வந்தன, பயந்தன, மறுபடி வந்தன.

மத்தியானம் சோற்று மூட்டையோடு இத்தோ வந்தாள். வரப்பில் பாதி வந்தவள் சட்டென்று நின்றாள்.

"அடி பாவி! என்னடி இது?"

கினு களையோடு நிமிர்ந்தாள்.

"நேத்துதான் அந்தக் கத்துக்குட்டி கிறுக்கினான்னு பாத்தா, இன்னிக்கு நீயா? உசுரோட இருக்கறவன் சட்டையை இப்படியா மாட்டுவே? வாயில வெக்கக் கூடாத வார்த்தை வருது எனக்கு!" மூட்டையை வரப்பில் வைத்துவிட்டு, சேற்றில் இறங்கி, விறுவிறுவென்று போனாள். கயிற்றை உருவினாள். மடிப்பைப் பிரித்தாள். இடப்பக்கத்தை மேலே இழுத்து, இறுக்கக் கட்டி, நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையைத் தட்டுவதுபோல.

"இப்ப சரி. எங்க இருந்துச்சு உன் புத்தி?"

"மறந்துட்டேன் அத்தை," என்றாள் கினு.

"மறப்பியாம்! வா, சோறு ஆறுது."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். இத்தோ மூட்டையைப் பிரித்து, சோற்று உருண்டை ஒன்றை அவளிடம் கொடுத்தாள். இன்னும் சூடாகத்தான் இருந்தது. கினு கடித்தாள்.